ஸ்லோ நிற்காத வண்டி

பழைய வண்டியும் நாமும் - 14

சேத்துப்பட்டில் போளூர்-வந்தவாசி சாலையும் ஆரணி-செஞ்சி சாலையும் கூடுகிற பக்கம் எந்த டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் இந்தப் புகார் காதில் விழும்: "ஸ்லோ நிக்கலைணா." ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. ஆரணிக்குப் போய்த் திரும்பும் வரை சொன்ன பேச்சைக் கேட்கும். நெல் மூட்டை ஏற்றிய லாரிக்கு வழிவிட ஆக்ஸிலேட்டரை விட்டதும் இரண்டு தரம் திணறி அணைந்துவிடும். சில வண்டிகள் நேர்மாறு, கையை எடுத்த பிறகும் ரேஸிலேயே கத்திக்கொண்டு நிற்கும். இன்னும் சில ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

ஆரணிப் பட்டு நெய்கிற இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாவு வாங்கி வரவும் நெய்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் பைக்தான். பல வீடுகளில் அது பத்துப் பதினைந்து வயதான கார்புரேட்டர் வண்டி. 2020 ஏப்ரலில் அமலான பி.எஸ்.6 விதியை ஒட்டித்தான் இந்த ரகத்துக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தது. 1994-இல் அறிமுகமான 97.2 சி.சி. ஸ்ப்ளெண்டரில் தொடங்கி அந்த விதி வரும் வரை விற்ற வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. கூலியை எண்ணிச் செலவு செய்கிற குடும்பத்துக்கு 'புது வண்டி வாங்கிக்கோங்க' என்பது பதில் ஆகாது. இருக்கிற வண்டியைச் சரியாகப் பார்த்துக் கொடுப்பதுதான் பதில்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. வண்டி வந்து நின்றதும் ஸ்க்ரூடிரைவர் நேராக ஸ்லோ ஸ்க்ரூவுக்குப் போகிறது. அரைச் சுற்று உள்ளே திருகினால் ஸ்லோ நிற்கும், காசு கைமாறும், இரண்டு நாளில் வண்டி திரும்பி வரும். அந்த ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டியது. முதலில் தேட வேண்டியது, வரக்கூடாத வழியில் வருகிற காற்று.

ஏன் என்று பார்த்துவிடலாம். ஆக்ஸிலேட்டரை விட்டதும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் கிட்டத்தட்ட முழுக்க இறங்கி வழியை அடைத்துவிடுகிறது. அப்போது எஞ்சின் பக்கம் இழுவிசை மிக அதிகம். பெட்ரோல் வருவதோ அரை மில்லிமீட்டரைவிடக் குறுகலான துளை கொண்ட ஸ்லோ ஜெட் வழியாக மட்டும். கொஞ்சம் காற்று, கொஞ்சம் பெட்ரோல், அந்தக் கணக்கில்தான் எஞ்சின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான்: காற்று வரும், வரவேண்டியது வராது. வேகமாக ஓடும்போது உள்ளே போகிற காற்றே ஏராளம் என்பதால் அந்த விரிசல் கணக்கிலேயே வராது. 'ஓடும்போது நல்லாத்தான் இருக்கு' என்று வண்டிக்காரர் சொல்வது முழு உண்மை.

சேத்துப்பட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நெசவாளர் ஒருவரின் பழைய ஸ்ப்ளெண்டரைப் பார்த்தேன். போன இடத்திலெல்லாம் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகித் திருகி அதன் தலையே மழுங்கிப்போயிருந்தது. அங்கிருந்த மெக்கானிக் இளைஞர் அந்த ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. வண்டியைச் சூடாக்கி ஓடவிட்டு, ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரை எடுத்து கார்புரேட்டரும் இன்டேக் குழாயும் சேர்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஏறி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடி சமமாகி மறுபடி கெட்டது.

"கேட்டீங்களாணா? தண்ணி அடைச்சதும் சரியாச்சு. ஏர் அடிக்குது."

"கார்புரேட்டர் போயிடுச்சுன்னு சொன்னாங்களேப்பா?"

"கார்புரேட்டர் நல்லாத்தான் இருக்குது. டைட் வச்சே வளைச்சிட்டாங்க."

பத்தாம் நம்பர் ஸ்பேனரில் இரண்டு நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரின் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினார். நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தது. முகம் அலுமினியக் கலவை. இரண்டு ஓரத்திலும் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் நடுப்பகுதி மெல்ல வில்லாகிவிடும். உள்ளே இருந்த ஓ-ரிங் உருண்டையாக இருக்க வேண்டியது. தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து, அதன் மேல் கார்புரேட்டர் முகத்தை வைத்து எட்டு போடுவதுபோல் தேய்த்தார். முகம் முழுவதும் ஒரே நிறத்தில் மினுங்கும் வரை தேய்த்துவிட்டு, அலுமினியத் தூள் ஒரு துளி மிஞ்சாமல் கழுவினார். புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். செலவு ஓ-ரிங் விலையும் அவர் கூலியும்தான்.

ஏர் லீக் பார்க்க சிரிஞ்சில் பெட்ரோலை எடுத்துச் சூடான எஞ்சின் மேல் அடிக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அதிலும் வீட்டில் செய்யவே கூடாது. தறி இருக்கும் அதே தாழ்வாரத்தில் வண்டியையும் நிறுத்துகிற வீடுகள் இங்கே உண்டு. ஒரு பொறி போதும். சோப்புத் தண்ணீர் அதே பதிலைச் சொல்லிவிடுகிறது.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். வண்டி ஸ்லோவில் ஓடும்போது ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். சத்தம் ஏறினால் குற்றவாளி ஆக்ஸிலேட்டர் கேபிள்: எங்கோ இழுபடுகிறது, அல்லது உள்ளே துருப்பிடித்திருக்கிறது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அணையும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்கில் நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக, கலப்பு கூடக்கூட அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இருக்கிறது, கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அது பழைய அளவையே ஊற்றும், கலவை 'லீன்' ஆகும், ஸ்லோ தள்ளாடும். ஏற்கெனவே லேசாக ஏர் அடிக்கிற வண்டி என்றால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ரப்பரும் பழசு. சில பழைய வண்டிகளில் நெடுநாள் ஓட்டத்துக்குப் பின், உதாரணமாக 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில், சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தந்த விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. அந்தச் செலவு பழைய வண்டி வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது. இதைப் பங்க்கிலேயே எழுதி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மழைக்காலத்தில் மூடி ரப்பர் தேய்ந்த வண்டி பல நாள் நின்றால், தண்ணீர் கனத்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலமோ உருண்டைகளோ நின்றால் தண்ணீர். டேங்க்கையும் சேர்த்துக் கழுவாமல் ஜெட்டை மட்டும் ஊதி மாட்டினால் வெகுநாள் தாங்காது. ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்துவதும் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான்.

'காலையில ஸ்லோ நிக்குது, சூடானா அணையுது' என்றால் வால்வு இடைவெளியை வைக்கும் டேப்பட்டைச் சந்தேகப்படுங்கள். டேப்பட் சத்தம் வரக்கூடாது என்று வண்டிக்காரர் கேட்கிறார், மெக்கானிக் இறுக்கிக் கொடுத்துவிடுகிறார். ஸ்ப்ளெண்டர் மாதிரி எஞ்சினில் அங்கே விட வேண்டிய இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் இல்லாமல் போனால், சூட்டில் வால்வு நீண்டு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் கசியும். முதலில் அடிபடுவது ஸ்லோ, நாள்பட்டால் வால்வே கருகும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் டேப்பட் வைக்க வேண்டும். லேசான டிக் டிக் சத்தம் இருக்கட்டும், அது நல்லதுக்குத்தான்.

மூட்டை சுமக்கிற பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வண்டிகளில் இன்னொரு வாசல் உண்டு. கிராங்க் ஓரத்து ஆயில் சீல் தேய்ந்தால் அது வழியாகவும் காற்று வரும், ரேஸ் இறங்காது. அந்த நிலையில் பாரம் ஏற்றி ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்க்ரூ. எஞ்சின் சூடாக இருக்கட்டும், சோக் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஸ்லோவைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு கலவை ஸ்க்ரூவை மெதுவாக இருபுறமும் திருப்பி, சத்தம் மிக உயர்ந்து சீராக இருக்கும் இடத்தைக் காதால் பிடியுங்கள். அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கு. உள்ளே திருகினால் குறையும். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி டியூனிங் வீணாகிறது. பிறகு ஸ்லோவை நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவுக்கு இறக்குங்கள்.

பொல்யூஷன் சர்டிஃபிகேட்டுக்கு டெயில் பைப்பில் குழாய் வைத்து அளப்பதும் இதே ஸ்லோவில்தான். 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான பழைய ஃபோர்-ஸ்ட்ரோக் கார்புரேட்டர் டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். வரைதான் அனுமதி. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஏர் லீக்கைப் பார்த்துவிடுங்கள். டியூன் செய்து சில நாள் வழக்கம்போல ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் இன்னும் எங்கோ காற்று வருகிறது, கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடிவிட்டது. லேசான காபி நிறத்தில் இருந்தால் அப்படியே மாட்டி ஓட்டலாம்.

(தொடரும்)