147-ம் எண் எங்கே போயிற்று?

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம்.

பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பேரன். ஐந்து வயது இருக்கும். பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சோர்ந்து படுத்திருந்தான்.

பாட்டியின் கையில் ஒரு சீட்டு. அதில் 147 என்று அச்சிட்டிருந்தது.

சுவரில் ஒரு மின்சாரப் பலகை. அதில் சிவப்பு வெளிச்சத்தில் எண்கள் மின்னும். எந்த எண் மின்னுகிறதோ, அந்தச் சீட்டுக்காரர் டாக்டரைப் பார்க்கப் போகலாம்.

145 மின்னியது. 146 மின்னியது. அடுத்து 148 மின்னியது!

பாட்டி பதறிப் போனார்.

"தம்பி, எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும். நூத்தி நாப்பத்தேழு வந்துச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"வரவில்லையே, பாட்டி" என்றேன்.

நர்சு அம்மாளிடம் போய்ச் சொன்னோம்.

"நான் பொத்தானை அழுத்தினேனே! நீங்கள்தான் கவனிக்கவில்லை" என்றார் அவர்.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொன்னதும் சரிதான்! நர்சு அழுத்தியது உண்மை. பலகையில் வராததும் உண்மை. நடுவழியில் 147 மாயமாக மறைந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். பாட்டியை உள்ளே விட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் சாட்சி கிடைக்குமா?

காலையில் சரி, கூட்டத்தில் தவறு

இது முதல் தடவை அல்ல. பல நாட்களாகவே எண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வயரை மாற்றினார்கள். பலகையையே மாற்றினார்கள். பயன் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பரிசோதிக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது! காலை 7 மணிக்கு ஆள் வந்து 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். மூன்றும் அழகாக மின்னும். "பலகையில் கோளாறு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 10 மணிக்குக் கூட்டம் சேரும். மறுபடியும் ஒரு எண் மறையும்.

கடைசியில் ஓர் இளைஞர் வந்தார். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர். அவர் பலகையைத் தொடவில்லை.

"எப்போது தவறுகிறது?" என்று மட்டும் கேட்டார்.

"கூட்டம் அதிகமானால்" என்றார் நர்சு.

"அப்படியானால் கூட்டம் இருக்கும்போதே பார்க்கிறேன், சிஸ்டர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சாக்கெட் என்றால் என்ன?

நர்சின் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். பலகைக்குள்ளேயும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டும் நெட்வொர்க் மூலம் பேசிக்கொள்கின்றன.

ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. அது 192.168.1.20 என்பது போல எண்களாக இருக்கும். அந்த விலாசத்தில் 65 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண். குறிப்பிட்ட வாசலில் நின்று செய்தியை அனுப்பவும் வாங்கவும் புரோகிராம் பிடித்துக்கொள்ளும் இணைப்பு முனைக்குத்தான் "சாக்கெட்" என்று பெயர்.

இப்படிச் செய்தி அனுப்பும் திட்டத்தை விண்டன் செர்ப், ராபர்ட் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததே "டி.சி.பி." என்னும் முறை. 1983-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் இந்த முறைக்கு மாறியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், சாக்கெட்டைத் தங்கள் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் சேர்த்து வெளியிட்டார்கள்.

படிப்படியாகத் தேடினார்

இளைஞரின் முதல் கேள்வி: பலகை உயிரோடு இருக்கிறதா?

இதற்கு "பிங்" என்று ஒரு சோதனை இருக்கிறது. "இருக்கிறாயா?" என்று கேட்டால், "இருக்கிறேன்" என்று பதில் வரும். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக் கருவி "பிங்" என்று சத்தமிடும் அல்லவா? அதுதான் இந்தப் பெயருக்குக் காரணம்.

பலகை உடனே பதில் சொன்னது.

இரண்டாவது கேள்வி: வாசல் திறந்திருக்கிறதா?

இங்கே இரண்டு விதமான தவறு வரும். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே பதில் வந்தால், பெரும்பாலும் வீடு சரி; அந்த வாசலில் ஆள் இல்லை என்று பொருள். பலகையின் புரோகிராம் ஓடாமல் இருக்கலாம். வாசல் எண் தவறாக இருக்கலாம். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் சங்கதி வேறு. விலாசம் தவறு, அல்லது வயர் அறுந்திருக்கிறது, அல்லது நடுவில் உள்ள காவல் புரோகிராம் செய்தியை விழுங்கிவிட்டது.

இங்கே இரண்டும் இல்லை. கேட்டவுடன் இணைப்புக் கிடைத்தது.

மூன்றாவது கேள்வி: போனது என்ன? வந்தது என்ன?

நர்சின் கம்ப்யூட்டர் அனுப்புவதை ஒரு பக்கம் குறித்தார். பலகை வாங்குவதை மறுபக்கம் குறித்தார். 11 மணிக்கு மறுபடியும் ஒரு எண் மறைந்தது. இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

அனுப்பியது: 210, 211, 212.

பலகை வாங்கியது: 210211, 212.

அகப்பட்டது திருட்டு!

ஒட்டிக்கொண்ட எண்கள்

நடந்தது இதுதான். பலகை ஒவ்வொரு எண்ணையும் 5 வினாடி மின்ன வைக்கும். அந்த நேரத்தில் அது வேறு எதையும் கவனிக்காது. கூட்டம் இருந்தால், இரண்டு டாக்டர் அறையிலிருந்தும் ஒரே சமயத்தில் அழைப்பு வரும். வந்த எண்கள் பலகைக்குள் காத்திருக்கும். மின்னி முடித்ததும், பலகை திரும்பிப் பார்த்து, உள்ளே இருப்பதை ஒரே வாயாக எடுத்துக்கொள்ளும். அப்போது 210-ம் 211-ம் ஒட்டிக்கொண்டு 210211 ஆகிவிடுகிறது. பலகையில் மூன்று எண்ணுக்குத்தான் இடம். முதல் மூன்றைக் காட்டிவிட்டு, மிச்சத்தை எறிந்துவிடுகிறது.

பாட்டியின் 147-ம் இப்படித்தான் போயிருக்க வேண்டும். 146-ன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்து, குப்பையில் விழுந்துவிட்டது!

காலையில் ஓர் ஆள் நிதானமாக அழுத்தும்போது எண்கள் ஒட்டுவதில்லை. அதனால் கோளாறு தெரியவில்லை.

இது நெட்வொர்க்கின் குற்றமா? இல்லை. இணைப்பு இருக்கும் வரை, கொடுத்த எழுத்துக்களை வரிசை மாறாமல் சேர்ப்பதுதான் டி.சி.பி.யின் வேலை. ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. இரண்டு வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றிக் கொடுத்தால், எது யாருடையது என்று கேனுக்குத் தெரியுமா?

நம் பழைய ஓலைச்சுவடிகளும் இப்படித்தான். பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. "பலகை" என்று சேர்த்துப் படித்தால் மரப்பலகை. "பல கை" என்று பிரித்துப் படித்தால் பல கைகள். எங்கே பிரிப்பது என்பது படிக்கிறவர் பொறுப்பு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நீண்ட செய்தி துண்டு துண்டாக வந்து சேரலாம். தமிழில் எழுதினால் இன்னும் கவனம் வேண்டும். கம்ப்யூட்டர், எழுத்துக்களை "பைட்" என்னும் சிறு அளவுகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. இன்று பெரிதும் வழங்கும் முறை, 1992-ல் கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவரும் வகுத்த "யு.டி.எப்.-8". அதில் "தமிழ்" என்ற சொல்லுக்கு 15 பைட் வேண்டும். நடு எழுத்தில் துண்டாகி, அதைப் பலகை அவசரப்பட்டுக் காட்டினால், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிதான் தெரியும்.

மருந்து என்ன?

இளைஞர் செய்த வைத்தியம் சின்னதுதான்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் "முடிந்தது" என்பதற்கு ஓர் அடையாளம் சேர்த்தார். அடுத்த வரிக்குப் போகும் அடையாளமே அது. பலகையின் புரோகிராமையும் திருத்தினார். வருவதை எல்லாம் அது முதலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடையாளம் வரும் இடத்தில் வெட்டி, ஒவ்வொன்றாகக் காட்டும். அரைகுறையாக நிற்பதை எறியாமல், மிச்சம் வரும் வரை காத்திருக்கும்.

இன்னொன்றும் செய்தார். எண்ணைக் காட்டியதும், "காட்டிவிட்டேன்" என்று பலகை பதில் அனுப்பும். பதில் வந்தால்தான் நர்சின் திரையில் பச்சை விளக்கு எரியும்.

"அனுப்பியாயிற்று என்று கம்ப்யூட்டர்தான் சொல்கிறதே! பதில் எதற்கு?" என்று கேட்டேன்.

"சார், கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டால் போய்ச் சேர்ந்ததாக அர்த்தமா? கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தால்தானே நிச்சயம்? திடீரென்று பலகைக்குக் கரண்ட் போய்விட்டால், அனுப்புகிற கம்ப்யூட்டருக்கு அது உடனே தெரியாது" என்றார்.

பிறகு இரண்டு அறைப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னார். ஒரு தடவை அல்ல, 20 தடவை! ஓர் எண்கூடத் தப்பவில்லை.

"கூட்டத்தில் வரும் கோளாறைக் கூட்டத்தைப் போலவே செய்து பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்" என்றார்.

மறுவாரம்

மறுவாரம் பாட்டி மறுபடியும் வந்திருந்தார். பையனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. டாக்டர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். பையன் மடியில் படுக்கவில்லை. பெஞ்சைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

பாட்டியின் சீட்டு 62.

இரண்டு டாக்டர் அறைக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. இரண்டு நர்சுகளும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். பாட்டி பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் நெஞ்சு படபடத்தது.

61 மின்னியது. 5 வினாடி.

62 மின்னியது.

"வந்துடுச்சு தம்பி, நம்ம நம்பர்!" என்று பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் பாட்டி.