உங்கள் வீட்டுக் கேபிள் யார் கையில்?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ குடியிருக்கும் தாங்கள், மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும் கேபிள்காரரிடம் பணம் கொடுக்கிறீர்கள். (பல வீடுகளில் ரசீதே கிடைப்பதில்லை!) அவர் எந்த நிறுவனத்தோடு இணைந்திருக்கிறார் என்று என்றேனும் வினவியதுண்டா?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது இவ்வினாவுக்கே இடமில்லை. மொட்டை மாடியில் ஆன்டெனா. கிடைத்தது ஒரே நிலையம். 1991 வளைகுடாப் போருக்குப் பின் டிஷ் குடைகள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சியும் வந்தது. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் கம்பி இழுத்துக் கேபிள்காரர்களானார்கள். 1995இல் வந்த சட்டம், அவர்கள் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டவும், நிகழ்ச்சி நெறிமுறைக்குக் கட்டுப்படவும் பணித்தது.

அந்நாளில் கேபிள்காரர் தமக்கென்றே ஓர் உள்ளூர் சானலும் நடத்துவார். வீடியோ டெக்கும் சில கேசட்டுகளும் போதும். காணாமற்போன சிறுவன், திருமண மண்டப விளம்பரம், மஹல்லாவில் நிகழ்ந்த வஃபாத்துச் செய்தி எல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். ரமளானில் சஹர் நேரத்திற்கு ஒரு பயான் போட வேண்டுமா? ஜமாஅத்தார் கேசட்டோடு அவரிடம் சென்று பேசினால் முடிந்தது.

இன்று அது அத்தனை எளிதன்று. தெருக் கேபிள்காரர்கள் காலப்போக்கில் சுமங்கலி கேபிள் விஷன், ஹாத்வே போன்ற பெரிய விநியோக நிறுவனங்களோடு இணைந்தனர். அமெரிக்காவிலும் உள்ளூர் நிலையங்கள் ஏபிசி, என்பிசி போன்ற பெருநிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் இணைகின்றன. ஆயினும் அவை தம் ஊர்ச் செய்தியைத் தாமே தயாரித்து ஒளிபரப்புகின்றன. நம் கேபிள்காரருக்கோ டிஜிட்டல் முறை வந்தபின் அந்த வசதி பறிபோயிற்று. அலைவரிசைகளெல்லாம் பெருநிறுவனத்தின் கட்டுப்பாட்டு நிலையத்திலேயே தொகுத்துப் பூட்டப்பட்டு வருகின்றன. தம் சானலை அவர் இடையில் நுழைக்க வழியில்லை. மேலிடம் ஓர் எண் ஒதுக்கினாலன்றி அது உங்கள் திரைக்கு வராது. 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும், இத்தகைய சானல்களைப் பதிவு செய்யும் பொறுப்பைப் பெருநிறுவனத்திடமே வைத்தன. தெருவின் குரலுக்கு எங்கோ ஓர் அலுவலகத்தின் அனுமதி தேவைப்படுவது நியாயந்தானா?

கேபிள்காரர் நிறுவனம் மாறினால் பெட்டியும் மாற வேண்டியதே. ஒருவர் தந்த பெட்டி மற்றவரின் இணைப்பில் உயிர்பெறாது. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது மக்கள் மகிழ்ந்ததற்குக் காரணமிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் இணைப்புக் கட்டணத்திற்கு, வரி நீங்கலாக, 130 ரூபாய் என விதித்த உச்சவரம்போ 2024இல் நீக்கப்பட்டது. ஆகவே கட்டணத்தைக் கேட்டறிவது நம் பொறுப்பாகிவிட்டது.

சகோதரிகளே, அடுத்த முறை அவர் வரும்போது ரசீது கேளுங்கள். சானல்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 முதல் உங்களுக்குண்டு. வேண்டாதவற்றை நீக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் காணக் கூடாதவற்றை ரகசிய எண்ணால் பூட்டும் வசதி பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டி வரும்போது அந்த எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234 என்றே இருக்கும். முதலில் அதை மாற்றிவிடுங்கள். உங்களுக்கு முன்பே பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கும்!