கார்ல வாக்ஸ் இருக்கா... தண்ணியைக் கேளுங்க!

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் ஏத்திட்டுப் போகணும். அப்பாகிட்ட அரை நாள் கெஞ்சிக் கூத்தாடி கார் சாவியை வாங்கிட்டீங்க. காலேஜ்ல வேப்ப மரத்தடியா பார்த்து பார்க் பண்ணிட்டு, மறுநாள் மதியம் வந்து பார்த்தா... பானெட் நடுவுல காக்கா ஒண்ணு ஆட்டோகிராஃப் போட்டுட்டுப் போயிருக்கு! கழுவினா எச்சம் போகுது. ஆனா, அதுக்குக் கீழே வட்டமா ஒரு தழும்பு... அது மட்டும் போவேனாங்குது. ‘ஆயுத பூஜைக்குத்தானடா வாக்ஸ் போட்டோம்? இன்னும் பளபளன்னுதானே இருக்கு!’னு அப்பா புலம்ப, அடுத்த செமஸ்டர் வரைக்கும் உங்களுக்கு சாவி கட்!

காக்கா மேல தப்பே இல்ல பாஸ். பளபளப்பை நம்பினதுதான் தப்பு!

பளபளப்பு வேற... பாதுகாப்பு வேற!

இப்ப வர்ற பெரும்பாலான கார்கள்ல கலர் பெயின்ட்டுக்கு மேலே, கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு அடுக்கு இருக்கும். பேரு ‘க்ளியர் கோட்’. நீங்க பார்த்து மயங்குற பளபளப்பு அதோட கைங்கர்யம்தான். அதோட தடிமன் பொதுவா 35-லிருந்து 50 மைக்ரான்தான். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அப்போ பார்த்துக்குங்க!

வாக்ஸ், சீலன்ட் எல்லாம் அந்த க்ளியர் கோட்டுக்கு நாம நியமிக்கிற பாடிகார்டு. வெயில், உப்புக் காத்து, பறவை எச்சம்னு எது வந்தாலும் முதல் அடியை வாங்கி வாங்கியே அது கரைஞ்சுபோகும். பாடிகார்டு போனப்புறமும் க்ளியர் கோட் பளபளன்னுதான் இருக்கும். அதனாலதான் வாக்ஸ் எப்போ தீர்ந்துதுன்னே கண்ணுக்குத் தெரியறதில்ல. முதல் தழும்பு விழுந்த பிறகுதான் தெரியும்.

தழும்பை எடுக்கணும்னா பாலிஷ் போடணும். அங்கேதான் மேட்டரே இருக்கு. நிறைய பேர் வாக்ஸும் பாலிஷும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. வாக்ஸ்ங்கிறது மேலே ஒரு படலத்தைச் சேர்க்கிற வேலை. பாலிஷ்ங்கிறது க்ளியர் கோட்டையே துளித் துளியாத் தேய்ச்சு எடுக்கிற வேலை. ஒவ்வொரு பாலிஷும் ஒரு ஷேவிங். தாடி மறுபடி வளரும்... க்ளியர் கோட் வளராது!

தாமரை இலைத் தண்ணீர்

‘ரெண்டு பேரும் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இருக்காங்க’னு சொல்றோமே... அந்தத் தாமரை இலையோட ரகசியமும் மெழுகுதான். இலை மேல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மேடுகள், அதுங்க மேல மெழுகுப் படிகங்கள். அதனால தண்ணி ஒட்டாம உருண்டு ஓடுது. ஓடும்போதே தூசியையும் வாரிட்டுப் போகுது. 1997-ல் பார்த்லாட், நைன்ஹுய்ஸ்னு ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் இதை விளக்கி எழுதின கட்டுரை ரொம்பவே பிரபலம்.

கார் வாக்ஸ் தாமரை இலை அளவுக்குக் கில்லாடி இல்லை. ஆனா, அடிப்படை அதேதான். வாக்ஸ் உயிரோட இருந்தா தண்ணியை ஒட்ட விடாது. தண்ணியும் தன்னைத்தானே சுருட்டிக்கிட்டு முத்தா நிக்கும். ஆகவே, ஒரு மக் தண்ணி போதும்... டெஸ்ட் ரெடி!

ஒரு மக் டெஸ்ட்!

*  முதல்ல நிழல்ல நிறுத்தி, கார் ஷாம்பு போட்டு நல்லாக் கழுவுங்க. இது ரொம்ப முக்கியம். மேலே அழுக்கு படிஞ்சிருந்தா, வாக்ஸ் இருந்தாலும் தண்ணி முத்தா நிக்காது. ‘போச்சு’ன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க.

*  இப்போ ஒரு மக் தண்ணியை பானெட், ரூஃப், டோர்னு தனித்தனியா மெதுவா ஊத்துங்க. குட்டிக் குட்டியா, உருண்டையா, எழும்பி நின்னா பாடிகார்டு டியூட்டியில இருக்கார்!

*  சில சீலன்ட்கள்ல முத்து வராது. தண்ணி மொத்தமா ஒரு போர்வை மாதிரி சரசரன்னு வழிஞ்சு, இடம் சீக்கிரமே காலியாகும். அதுவும் ஓகேதான்.

*  ஆனா, தண்ணி தட்டையாப் பரவி, கோணல்மாணலா திட்டுத் திட்டாத் தேங்கி, நகராம அடம்பிடிச்சா... பாடிகார்டு எஸ்கேப்!

*  டோர்ல முத்து நிக்குது, பானெட்ல நிக்கலைன்னா குழம்ப வேணாம். நேரடி வெயில் வாங்குற பானெட்டும் ரூஃப்பும்தான் பெரும்பாலும் முதல்ல தீரும். அங்கே மட்டும் மறுபடி போட்டாலே போதும்.

*  சந்தேகமா இருக்கா? பானெட்ல பாதிக்கு மட்டும் புதுசா வாக்ஸ் போட்டுட்டு, ரெண்டு பக்கமும் தண்ணி ஊத்துங்க. வித்தியாசம் தெரிஞ்சா பழைய வாக்ஸ் காலி!

பொய் சாட்சிகள் உஷார்!

‘வாக்ஸ் கலந்தது’ன்னு போட்ட ஷாம்புல கழுவின உடனே டெஸ்ட் பண்ணினா முத்து சூப்பரா நிக்கும். ரெண்டு வாஷ்ல காணாமப் போயிடும். டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்ச காரும் அப்படித்தான். எண்ணெய்ப் பசைக்கும் தண்ணி ஒட்டாது. ஆனா, அது பாதுகாப்பு இல்ல... தூசிக்கு அழைப்பிதழ்!

இன்னொண்ணு, முத்தைப் பார்த்துட்டு ‘சூப்பர்’னு அப்படியே வெயில்ல விட்டுடாதீங்க. போர் தண்ணியா இருந்தா ஒவ்வொரு முத்தும் காய்ஞ்சு ஒரு வெள்ளை வட்டமாயிடும். மைக்ரோ ஃபைபர் துணியால உடனே ஒத்தி எடுங்க. பாத்திரம் தேய்க்கிற சோப்பு பக்கம் போகவே போகாதீங்க. இருக்கிற வாக்ஸையும் அது வழிச்சு எடுத்துடும்.

எவ்வளவு நாள் தாங்கும்?

பிரேசில் நாட்டுப் பனை மர வகை ஒண்ணோட இலையில கிடைக்கிற ‘கார்னாபா’ மெழுகுல செஞ்ச வாக்ஸ், சில வாரத்துலேர்ந்து ரெண்டு மூணு மாசம். செயற்கை சீலன்ட்னா சுமார் நாலு முதல் ஆறு மாசம். செராமிக் கோட்டிங் அதைவிட ரொம்ப நாள். ஆனா, டப்பாவுல போட்டிருக்கிற மாசக் கணக்கு நம்ம ஊர் மே மாச வெயிலுக்குத் தெரியாது. நாள் முழுக்க வெயில்ல நிக்கிற காருக்கும் ஷெட்ல தூங்குற காருக்கும் ஒரே கணக்கு எப்படி? அதனால காலண்டரைப் பார்க்காதீங்க... மாசம் ஒரு தடவை மக்கை எடுங்க.

கையில வாக்ஸ் டப்பாவும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையும் இருந்தா வேலை முடிஞ்சுது. தழும்பு விழுந்த பிறகு பார்த்தா, பாலிஷுக்குக் காசும் போகும், க்ளியர் கோட்டும் தேயும்.

அடுத்த முறை சாவி கேட்கிறதுக்கு முன்னாடி, அப்பாவைக் கூப்பிட்டு பானெட்ல ஒரு மக் தண்ணியை ஊத்திக் காட்டுங்க. ‘வாக்ஸ் தீர்ந்துடுச்சுப்பா... நானே போட்டுடறேன்’னு சொல்லிப் பாருங்க. சாவி தானா வரும்!