ரைடருக்குக் கொட்டும் கோடிகள்

புரோ கபடி லீக் ஏலத்தில் அதிக விலை போவது பெரும்பாலும் ரைடர்தான். 2018இல் மோனு கோயத்தை அரியானா ஸ்டீலர்ஸ் 1.51 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. 2019இல் சித்தார்த் தேசாய், 2021இல் பர்தீப் நர்வால், 2022இலும் 2023இலும் பவன் செராவத், 2024இல் சச்சின் என அடுத்தடுத்த ஏலங்களிலும் உச்ச விலை ரைடருக்கே போனது. இந்த ஆறு முறையில் ஒரு முறைகூட, அவரை வாங்கிய அணி அந்தப் பருவத்தில் கிண்ணத்தை வெல்லவில்லை.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கபடியின் விதிகளிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. ரைடர் எதிரணிக் களத்துக்குள் தனியாகப் பாடிப் போகிறார். கையில் 30 விநாடிகள். எதிரே 7 பேர். தொட்டுவிட்டுத் திரும்பினால் புள்ளி. பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் மீண்டும் களத்துக்கு வர வேண்டுமென்றால், அவருடைய அணியில் வேறொருவர் எதிராளி ஒருவரை வெளியேற்ற வேண்டும். அதாவது இன்னொரு ரைடர் தொட்டுவிட்டு வரவேண்டும், அல்லது பின்னால் நிற்கும் கார்னர், கவர் ஆட்டக்காரர்கள் எதிரணி ரைடரைப் பிடிக்க வேண்டும். பிடி பலவீனமான அணியில் கோடிகளுக்கு வாங்கிய ரைடர் ஆட்டத்தின் பெரும்பகுதியை வெளியே இருந்தே பார்க்க நேரிடும்.

ஏலத்துக்கென ஒதுக்கப்படும் பணமும் அளவானது. 2022இல் ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடியது 4.4 கோடி. தமிழ் தலைவாஸ் அதில் 2.26 கோடியைப் பவன் ஒருவருக்கே கொடுத்தது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம் பட்டு அவர் வெளியேறினார். முந்தைய 4 பருவங்களில் ஒருமுறைகூட பிளே ஆஃப் சுற்றைத் தொடாத அணி அது. எல்லாம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் புதிய இளம் வீரராகச் சேர்க்கப்பட்டிருந்த நரேந்தர், அந்தப் பருவத்தில் 200க்கு மேற்பட்ட ரைடு புள்ளிகளை எடுத்தார். சாகர், சாகில் குலியா போன்றோரின் பிடி அவருக்குத் துணை நின்றது. தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. விலை மதிப்புள்ள ரைடர் இல்லாமலே அந்த அணி தன் வரலாற்றில் மிகச் சிறந்த பருவத்தை ஆடியது என்பதை ஏலத்தில் உட்காரும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு தெலுகு டைட்டன்ஸ், 5 கோடி வரம்பில் 2.605 கோடியைப் பவனுக்குக் கொடுத்தது. அவர் தம் பங்கைச் செய்தார். ரைடில் 200 புள்ளிகளைக் கடந்தார். ஆனால் 22 ஆட்டங்களில் அணி வென்றது 2 மட்டுமே. அட்டவணையின் கடைசி இடம் அதற்குக் கிடைத்தது. குறை பவனிடம் இல்லை. மீதிப் பணத்தில் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்ட முடியவில்லை.

இதே வழக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்குள்ள உதைபந்தாட்டம், திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் ஆடப்படுவதைவிட ரக்பிக்கே நெருங்கியது. பந்தைக் கையில் ஏந்தி எதிரணிக்குள் பாய்பவர் ரன்னிங் பேக். என்எப்எல் லீக்கில் ஏலம் கிடையாது. கல்லூரி வீரர்களை 32 அணிகளும் வரிசைமுறையில் தெரிவு செய்கின்றன. அந்த வரிசையில் முன்னிடம் கிடைப்பது பெரிய சொத்து. 2012இல் கிளீவ்லாண்ட் பிரவுண்ஸ் தனது மூன்றாவது இடத்தை டிரென்ட் ரிச்சர்ட்சன் என்ற ரன்னிங் பேக்குக்குச் செலவிட்டது. இரண்டாம் பருவத்திலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. மாறாக, 1995இல் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998இல் 2008 யார் ஓடினார்; டென்வர் அணி இருமுறை பட்டம் வென்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தகைய கணக்குகளைப் பார்த்த அணிகள் 2013, 2014 ஆண்டுகளின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எடுக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் மோதலைத் தாங்கும் உடல் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதும் அவர்களுடைய அச்சம்.

அதற்காக நல்ல ஓட்டக்காரருக்கு மதிப்பே இல்லை என்றாகிவிடாது. 2018இல் இரண்டாவது ஆளாக நியூயார்க் ஜயண்ட்ஸ் எடுத்த சக்குவான் பார்க்லி, அங்கே 6 பருவங்களில் ஒரே ஒருமுறைதான் பிளே ஆஃப் கண்டார். 2024இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் போனார். அங்கே அவருக்கு வழி திறந்துவிடும் வலுவான முன்வரிசை ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தப் பருவத்தில் 2005 யார் ஓடினார். அணி பட்டம் வென்றது. கபடியிலும் அப்படித்தான். பர்தீப் நர்வால் உச்ச விலைக்குப் போவதற்கு முன்பே, பாட்னா பைரட்ஸ் அவரை இளம் வயதில் பிடித்து 3 பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. பவனும் பெங்களூர் புல்ஸ் அணியில் இருந்தபோது 2019 ஜனவரி இறுதியாட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்துக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார்.

ஆகவே ரைடரை எப்போது, என்ன விலைக்கு வாங்குவது என்பதே கேள்வி. பிடி முதலில், ரைடர் பிறகு என்பதே சரியான வரிசை. ஏலமே இல்லாமல் 7 பேரைத் தெரிவு செய்யும் திருகோணமலைப் பாடசாலைப் பயிற்றுநருக்கும் இது பொருந்தும்: துள்ளலான பையனைத் தேடும் முன் இரண்டு கார்னர்களையும் உறுதியாக்கிக்கொள்வது நல்லது. ஈரானிய இடது கார்னர் முகமதுரேசா ஷாட்லூயியை 2023இல் புனேரி பல்டன் 2.35 கோடிக்கு வாங்கிப் பட்டம் வென்றது. மறு ஆண்டு அரியானா ஸ்டீலர்ஸ் அவரையே 2.07 கோடிக்கு வாங்கித் தனது முதல் பட்டத்தைப் பெற்றது.