வீட்டிலிருந்து எழுதும் கடைக் கணக்கு

2020 மார்ச் 25ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு ஸ்தாபனங்களின் கணக்கர்கள் பலர், வருஷக் கணக்கை முடிக்கவேண்டிய நெருக்கடியிலே, அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த டாலி என்னும் கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இயக்கும் மார்க்கத்தைக் கைக்கொண்டனர். அதற்காக ரௌட்டரில் 3389 என்னும் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்து வைத்து, ஊரடங்கு நீங்கிய பின்னும் அதை மூட மறந்தவர்களும் உண்டு.

‘நம் சிறு கடையை யார் தேடி வரப்போகிறார்கள்?’ என்பது முதலாளிகள் சகஜமாகக் கேட்கும் கேள்வி. யாரும் தேட வேண்டியதே இல்லை. பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், நல்ல வேகமுள்ள இணைப்பும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்தால், அவற்றுள் எங்கெங்கே ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறது என்பதை முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். திறந்த போர்ட் அகப்பட்ட பிறகு, கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டை யந்திரமே ஊகித்துவிடுகிறது. சில முறை தவறினால் நுழைவை நிறுத்திவைக்கும் விதியோ விண்டோஸில் வெகுகாலம் தானாக அமலில் இருந்ததில்லை.

இப்படி உள்ளே புகும் ரான்ஸம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்து விடுவிக்கப் பணம் கேட்கும் நாச மென்பொருள், ஒவ்வொரு கோப்பையும் ஒரு சாவியால் சங்கேதமாக்கி, அந்தச் சாவியையே இன்னொரு பொதுச் சாவியால் மூடிவைக்கிறது. சாவி இல்லாமலே யார் வேண்டுமானாலும் அமுக்கிப் பூட்டக்கூடிய, ஆனால் ஒருவரிடம் மட்டுமே திறவுகோல் உள்ள பூட்டைப் போன்றது அது. 1977இல் ரிவஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் வகுத்த ஆர்.எஸ்.ஏ. முறையில், இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது அசாத்தியத்துக்குச் சமானம். வலைத்தளங்களில் நம் பணப் பரிவர்த்தனைகளைக் காக்க உதவிய அதே கணிதம் இங்கே கயவன் கையில் இருப்பதால், எந்த நிபுணரை அழைத்தாலும் பெரும்பாலும் பயனில்லை என்பதை வியாபாரிகள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

போர்ட்டை மூடி வி.பி.என். என்னும் காவலுள்ள தனிப் பாதை வழியே மட்டும் நுழைவதும், பாஸ்வேர்டோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும்படி அமைப்பதும், பிள்ளைகள் விளையாடும் லேப்டாப்பில் கணக்கைத் திறவாதிருப்பதும் நல்ல காவல்கள்தாம். எனினும் என் அபிப்பிராயத்தில் இவை எல்லாவற்றிலும் பிரதானமானது பேக்கப். கம்ப்யூட்டரோடு எந்நேரமும் இணைந்தே கிடக்கும் ஹார்டு டிஸ்க்கையும் ரான்ஸம்வேர் விட்டுவைப்பதில்லை. ஆகையால் நகல் எடுத்தவுடன் அதைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும், இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையேனும் அந்த நகலை மற்றொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, சென்ற வாரத்துப் பற்றுவரவு பைசா பிசகாமல் வருகிறதா என்று கணக்கரே திறந்து பார்க்க வேண்டும்.