அலாவுதீன் கதையைச் சொன்னது யார்?

உலக இலக்கியம் படிப்பது என்றால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பைப் படிப்பதுதான். ஹோமரைக் கிரேக்கத்திலும் தல்ஸ்தோயை ரஷ்ய மொழியிலும் படிக்க எல்லோராலும் ஆகாது. ஆகவே ஒரு நூல் யார் யார் கைபட்டு வந்தது என்று பார்ப்பதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததே. அதற்கு ‘ஆயிரத்தொரு இரவுகள்’ போல வாகான நூல் கிடைப்பது அரிது.

அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர், சிரியாவிலிருந்து வந்த அரபுக் கையெழுத்துப் பிரதியை வைத்து 1704-இல் இதைப் பிரெஞ்சில் வெளியிடத் தொடங்கினார். ஐரோப்பா விழுந்து விழுந்து படித்தது. பிரதியோ 280 சொச்சம் இரவுகளோடு நின்றுவிட்டது, வாசகர்கள் விடுவதாயில்லை. 1709-இல் பாரிசுக்கு வந்திருந்த அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப் அவருக்குப் பல கதைகளை வாய்மொழியாகச் சொன்னார். அலாவுதீனும் அலிபாபாவும் அப்படி வந்தவர்கள்தாம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் தமிழகமே பார்த்த அலிபாபா, கலானின் அரபுப் பிரதியில் இல்லவே இல்லை. பின்னாளில் ‘கிடைத்த’ அலாவுதீன் அரபுப் பிரதிகளும் பிரெஞ்சிலிருந்து திருப்பி எழுதப்பட்டவை என்று ஆய்வாளர் முஹ்சின் மஹ்தி நிறுவினார்.

கலான் தம் நாட்குறிப்பில் தியாபைப் பற்றி எழுதி வைத்தார். அச்சான நூலில் தியாபின் பெயர் இல்லை. தியாப் முதுமையில் எழுதிய பயணக் குறிப்பு வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, 1990-களில்தான் அவருடையது என்று தெரியவந்தது. பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில், கூண்டில் அடைத்த இரண்டு பாலைவன எலிகளுடன் போய் நின்றதை அதில் விவரமாகச் சொல்கிறார். கலானுக்குக் கதை சொன்னதற்குச் சில வரிகள்தான்! அலாவுதீனின் மாளிகையில் வெர்சாயின் சாயல் இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். சீனாவில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைக்குள் பிரெஞ்சு அரண்மனை!

ஆங்கிலத்தில் நடந்தது வேறு. எட்வர்டு லேன் 1838 முதல் வெளியிட்ட பதிப்பில், நாலு பேர் முன்னால் படிக்கக் கூசும் இடங்களை வெட்டிவிட்டு, எகிப்திய வழக்கங்கள் பற்றி நீண்ட குறிப்புகளைச் சேர்த்தார். ரிச்சர்டு பர்ட்டன் நேரெதிர். அதே இடங்களை ஊதிப் பெருக்கி, 1885-இல் சந்தாதாரர்களுக்கு மட்டும் அச்சிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் அரபு நாடு தெரிகிறதோ இல்லையோ, விக்டோரியா கால இங்கிலாந்து நன்றாகவே தெரியும்.

மஹ்தி 1984-இல் கலான் பயன்படுத்திய பழைய அரபுப் பிரதியைச் செம்பதிப்பாகக் கொண்டுவந்தார். ஹுசைன் ஹத்தாவி அதை 1990-இல் ஆங்கிலமாக்கியபோது அலாவுதீனுக்கு இடமில்லை. 1995-இல் அவரே வேறொரு தொகுதியில் அக்கதையைச் சேர்த்தார். தியாபின் பயணநூல் 2021-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. வகுப்பில் அலாவுதீனை நடத்துகிறவர்கள் அதையும் கூடவே வைத்து நடத்த வேண்டும்.