பார்வை நன்றாக இருக்கும்போதே ஒரு படம்

அதிகாலை இருட்டில் பால்மரம் வெட்டுபவருக்கும், அண்ணாந்து பார்த்துச் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் கண்தான் மூலதனம். அந்தக் கண்ணை வலியே இல்லாமல் கெடுக்கும் நோய் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. அதுதான் இனிப்புநீர். 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் உண்டு.

கண்ணின் உட்புறம், பின்பக்கச் சுவரில் இருப்பது விழித்திரை. நாம் காணும் உருவம் அங்கேதான் விழுகிறது. அதற்கும் பின்னால், ரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு என்னும் படலம் இருந்து ஊட்டம் கொடுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், விழித்திரையின் மெல்லிய குழாய்கள் பழுதாகி நீரும் ரத்தமும் கசியும். ஆரம்பத்தில் பார்வையில் மாற்றமே தெரியாது. "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்று இருந்துவிடுவோம். மங்கல் தட்டும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். அதைக் கண்ணாடி மாற்றிச் சரிசெய்ய முடியாது.

உடலைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்களை நேரில் பார்க்கக்கூடிய இடம் கண். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அதற்கொரு கருவியை அறிவித்தார். இன்று கேமரா நொடியில் படம் எடுத்துவிடுகிறது. ரத்தக் கொதிப்பின் தடயம்கூட அப்படத்தில் தெரியலாம். 1991இல் அறிமுகமான ஓ.சி.டி. என்னும் கருவியோ, ஒளியைச் செலுத்தி விழித்திரையையும் அதன் பின்னுள்ள கோராய்டையும் அடுக்கடுக்காகக் காட்டுகிறது. இரண்டிலும் வலி இல்லை. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், கண் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

ஏழை எளியவருக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்கலாம். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று அதன் கிராம மையங்களிலிருந்து கண் படங்கள் தொலைவிலுள்ள மருத்துவரின் பார்வைக்குப் போகின்றன. நமக்கும் வழியில்லாமல் இல்லை. அரசாங்க சுகாதார கிளினிக்கில் இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர்கள், கண் படம் எப்போது எடுப்பீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். மேல்சிகிச்சை வேண்டுமானால், மெர்கோங் வட்டாரத்தாருக்கு அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.

லேசர் சிகிச்சையும் கண்ணில் போடும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காப்பாற்ற உதவும். போன பார்வை முழுவதும் திரும்புவது அரிது. ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தயங்குகிறவர் உண்டு. கண் போனால் எல்லா நாள் சம்பளமும் அல்லவா போகும்? வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இனிப்புநீர் இருந்தால், கடைசியாகக் கண் படம் எடுத்தது எப்போது என்று இன்றே கேளுங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால், நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.